வீட்டுக்குப் பின்னால் பட்டறையும் தங்க ஓர் அறையும்: திட்டம் போடுவது, பணம் புரட்டுவது

வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடத்தில் ஒரு பட்டறை போட்டு, ஒட்டினாற்போல் ஒருவர் தங்க ஓர் அறையும் கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் முதலில் போய் நிற்பது மேஸ்திரியிடம். அவர் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்வார். அந்தத் தொகையை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போவார்கள். அங்கே மேலாளர் கேட்கும் முதல் கேள்வியிலேயே வண்டி நின்றுவிடும்: "இது வீடா, தொழிற்கூடமா?"

இரண்டும்தான் என்று சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். வீட்டுக்கடன் பட்டறைக்குக் கிடைக்காது. தொழில்கடன் படுக்கையறைக்குக் கிடைக்காது. வீட்டு மீட்டரில் ரம்பம் ஓட்டக் கூடாது. வீட்டுக்கென்று சுலபமாகக் கிடைக்கும் கட்டட அனுமதி பட்டறைக்குச் செல்லாது. ஆகவே கட்டடம் ஒன்றாக இருந்தாலும் காகிதத்தில் அதை முதல் நாளிலேயே இரண்டாகப் பிரித்துவிடுங்கள்: வரைபடம், மீட்டர், கடன், பில் எல்லாம் தனித்தனி. எந்தப் பணத்தில் எதைக் கட்டுகிறோம் என்பது முடிவான பிறகு வரைபடம் போட உட்காருங்கள். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து, ஒரு சின்ன மரவேலைப் பட்டறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை எழுதுகிறேன். தையல், வெல்டிங், லேத் என்றால் அளவுகள் மாறும், வரிசை மாறாது.

யார் தங்கப் போகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்கு வரும் தம்பி தங்கவா, ஊரிலிருந்து வரும் அப்பாவுக்கா, கல்யாணமாகப் போகும் மகனுக்கா, நாளைக்கு வாடகைக்கு விடவா? வேலையாள் தங்க என்றால் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறையும் ஒரு குளியலறையும் போதும். வயதானவருக்கு என்றால் பட்டறைச் சத்தத்துக்குப் பக்கத்தில் படுக்கவைப்பது நியாயமா என்று யோசிக்க வேண்டும். மகனுக்கு என்றால் மேலே ஒரு மாடி எழுப்ப வேண்டியிருக்கும், அஸ்திவாரத்தை அதற்கேற்ப இப்போதே போட வேண்டும். வாடகைக்கு என்றால் தனி வாசல் கட்டாயம்.

அடுத்து, என்ன வேலை, என்னென்ன இயந்திரம், ஒவ்வொன்றும் எத்தனை குதிரைத்திறன் என்று ஒரு பட்டியல். இந்த ஒரு தாள் வரைபடக்காரர், உள்ளாட்சி அலுவலகம், ஈபி ஆபீஸ், வங்கி என நான்கு இடத்துக்கும் போகும்.

இடத்தை அளப்பது

நாற்பதுக்கு அறுபது அடி மனை என்று வைத்துக்கொள்வோம். 2,400 சதுர அடி, அதாவது ஐந்தரை சென்ட். முன்னால் வீடு போக, பின்னால் இருபது சொச்சம் அடி ஆழம் மிஞ்சுகிறது. இதில் வேலிவரை முழுக்கக் கட்ட முடியாது. பின்னாலும் பக்கத்திலும் விட வேண்டிய காலியிடம் கட்டடத்தின் உயரத்தையும் தெருவின் அகலத்தையும் பொறுத்தது. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இதற்கு அட்டவணை உண்டு. அதே விதிகளின்படி சாதாரண உயரக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. மனையளவைப் போல இரண்டு மடங்கு தளப்பரப்பு வரை கட்டலாம் என்று பொருள். எனவே பரப்பளவில் இடிக்காது, காலியிடத்தில்தான் இடிக்கும்.

பட்டறையின் நீளத்தைத் தீர்மானிப்பது உங்கள் ஆசை அல்ல, ஒரு பிளைவுட் பலகை. பலகை எட்டுக்கு நான்கு அடி. டேபிள் ரம்பத்தில் அதை நீளவாக்கில் அறுக்க, ரம்பத்துக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி, நடுவில் மேசை மூன்றடி. ஆக உள்ளளவு பத்தொன்பது அடி வேண்டும். இருபது அடி இருந்தால்தான் சுவரில் இடிக்காமல் ஆள் நிற்க முடியும். இடம் அவ்வளவு இல்லையென்றால் ரம்பத்துக்கு நேராக ஒரு ஷட்டர் வைத்துவிடுங்கள், அறுக்கும்போது திறந்துகொண்டால் பலகை வெளியே நீளும். இருபதுக்குப் பதினைந்து, 300 சதுர அடி என்பது இரண்டு பேர் வேலை செய்ய ஓரளவு தாராளம்.

உள்ளே செய்வது வெளியே வந்தாக வேண்டும். ஏழடி உயர பீரோவை வீட்டுப் பக்கச் சந்தில் தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். சந்து மூன்றடி, நடுவில் ஏசி யூனிட் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், மூலையில் துளசி மாடம். இதையெல்லாம் கயிறு பிடித்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். சின்ன லோடு வண்டிகூட ஐந்தடி அகலம் வரும். கண்ணாடி, திருப்பம் எல்லாம் சேர்த்து ஏழடியாவது இல்லாமல் பின்பக்கம் வண்டி வராது. வராதென்றால் சரக்கை முன்வாசலில் இறக்கிக் கையால் சுமக்க வேண்டும், அந்தக் கூலி ஒவ்வொரு முறையும் உங்கள் செலவு. பின்பக்கம் ஒரு தெருவோ வண்டிப்பாதையோ இருந்தால் அதிர்ஷ்டம்தான்.

அறையையும் பட்டறையையும் ஒரே சுவரில் ஒட்டாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் குளியலறையையும் துணி துவைக்கும் இடத்தையும் போட்டால் சத்தமும் தூசியும் பாதி அங்கேயே நின்றுவிடும். தண்ணீர்க் குழாய்களும் ஒரே இடத்தில் முடிந்துவிடும், பட்டறையில் வேலை செய்பவர் கை கழுவ அறைக்குள் நுழைய வேண்டியதில்லை. பட்டறையிலிருந்து அறைக்கு நேரடிக் கதவு வைக்கச் சொல்லிப் பலர் கேட்பார்கள். வேண்டாம். மரத்தூளும் சமையல் அடுப்பும் ஒரே காற்றில் இருக்கக் கூடாது, மீட்டர் பிரிப்பதிலும் அந்தக் கதவு வில்லங்கம் பண்ணும். காற்றின் போக்கையும் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும். தூசி உறிஞ்சியின் வாயை வடகிழக்குப் பக்கம் வைத்தால் அந்த மாதங்களில் தூள் வீட்டுக்குள் திரும்பாது, பக்கத்து வீட்டு மொட்டைமாடி வடாம் மேல் விழாதவரை.

அனுமதி

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்ட, இணையத்தில் ஒற்றைச் சாளரத்தில் பணம் கட்டி உடனே அனுமதி பெற்றுக்கொள்ளலாம். நல்ல வசதிதான். ஆனால் அது குடியிருப்புக் கட்டடத்துக்கு மட்டும். பட்டறையை "ஸ்டோர் ரூம்" என்று வரைபடத்தில் காட்டி இதில் வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பின்னாடி தொழில் உரிமமும் தொழில் மின் இணைப்பும் தொழில்கடனும் கேட்கும்போது அந்த வரைபடத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். சொன்னது நீங்கள், கையெழுத்தும் உங்களுடையது.

எனவே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் சர்வே எண் எந்த மண்டலத்தில் வருகிறது என்பது. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று பிரித்திருப்பார்கள். குடியிருப்பு மண்டலத்திலும் குடிசைத் தொழில் வகையறாவை மோட்டாரின் குதிரைத்திறனுக்கு வரம்பு வைத்து அனுமதிக்கிறார்கள். அந்த வரம்பு மண்டலத்துக்கு மண்டலம் வேறு. நீங்கள் போட்ட இயந்திரப் பட்டியல் இங்கே முதல் தடவை வெளியே வரும். வரம்பைத் தாண்டினால் ஒரு மோட்டாரைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள், அப்படியும் ஒத்துவராவிட்டால் அந்த இடத்தில் பட்டறை வேண்டாம். இப்போது தெரிந்துகொள்வதில் நஷ்டமில்லை.

மனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா, பட்டா யார் பெயரில், வில்லங்கச் சான்று சுத்தமா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவைத்துவிட்டு அதைச் சரி செய்யுங்கள். அண்ணன் தம்பி ஒற்றுமையாகத்தான் இருப்பார்கள், கட்டடம் எழும்பும்வரை.

ஓசைக்கும் விதி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. ரம்பம் இதைவிட எவ்வளவோ அதிகம் கத்தும், சுவர்தான் குறைக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று வகைப்படுத்தியிருக்கிறது. உங்கள் தொழில் எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேண்ட்-சா என்ற பட்டை ரம்பம் வைத்து மரம் அறுக்கப் போவதாக இருந்தால் வனத்துறையிலும் கேட்க வேண்டும். ஊராட்சியோ நகராட்சியோ கொடுக்கும் தொழில் உரிமம் இவற்றுக்கெல்லாம் பிறகு.

மின்சாரம்

டேபிள் ரம்பம் 2 குதிரைத்திறன், இழைப்பு இயந்திரம் 2, கம்ப்ரசர் 2, தூசி உறிஞ்சி 1. மொத்தம் 7. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட், ஆக 5.2 கிலோவாட். விளக்கு, விசிறி சேர்த்து 6 என்று எழுதுங்கள். தமிழ்நாட்டில் 12 கிலோவாட் வரையிலான குடிசை, குறுந்தொழில்களுக்கு 3ஏ1 என்று தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. அதற்கு மேல் போனால் 3பி, கட்டணம் கூடும். "எதற்கும் இருக்கட்டும்" என்று 15 கிலோவாட் எழுதிக் கொடுப்பது தேவையில்லாத செலவு.

வீட்டு இணைப்பிலேயே கொஞ்ச நாள் ஓட்டலாமே என்று தோன்றும். 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது: வாங்கிய நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தினால் அந்தப் பயன்பாட்டுக்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு, எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குப் போட்டுவிடுவார்கள். 100 யூனிட் இலவசத்துக்கு ஆசைப்பட்டு இதில் மாட்டாதீர்கள்.

ஒரே வளாகத்தில் இரண்டாவது இணைப்பு கேட்கும்போது இரண்டு பகுதிகளும் கட்டடத்திலும் வயரிங்கிலும் பிரிந்திருக்கின்றனவா என்று வந்து பார்ப்பார்கள். நடுக்கதவு வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் காரணம். அறைக்கு வீட்டு இணைப்பிலிருந்து இழுக்கலாம், பட்டறைக்குத் தனி மும்முனை. எர்த் குழி பட்டறைக்கென்று தனியாக வெட்டுங்கள், மின்கசிவு வந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி இரண்டு பக்கமும் போடுங்கள். கட்டுமானத்துக்கு எந்த மின்சாரத்தை எடுக்கலாம் என்பதைப் பிரிவு அலுவலகத்தில் வாய்விட்டுக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். தற்காலிக இணைப்பின் கட்டணம் வேறு.

கட்டுவது

பட்டறைக்குக் கான்கிரீட் கூரை தேவையில்லை. ட்ரஸ் எனப்படும் இரும்புக் கூரைச் சட்டத்தின் மேல் கலர் ஷீட், கீழே வெப்பத்தடுப்பு, உச்சியில் காற்றில் சுழலும் வென்டிலேட்டர். உயரம் பன்னிரண்டு அடிக்குக் குறையக் கூடாது, குறைந்தால் சித்திரையில் மதியம் உள்ளே நிற்க முடியாது. அறைக்குக் கான்கிரீட் கூரை போடுங்கள். அதற்குக் காரணம் வெயில் மட்டுமில்லை. ஷீட் கூரை போட்ட அறைக்கு வீட்டுக்கடன் கொடுக்கப் பெரும்பாலான வங்கிகள் தயங்கும்.

தரையைத்தான் மேஸ்திரிகள் அலட்சியமாகப் பார்ப்பார்கள். "ரெண்டு இஞ்ச் போட்டுப் பூசிடலாம்ணே, வீட்டுத் தரைதானே" என்பார். வீட்டுத் தரை இல்லை. இழைப்பு இயந்திரம் அதிர்ந்துகொண்டே இருக்கும், அடியில் மண் இறங்கினால் ஆறு மாதத்தில் விரிசல். மண்ணை நனைத்து நன்றாக இடித்து, அடியில் ஜல்லிப் படுகை போட்டு, மேலே நான்கு அங்குலம் எம்20 கான்கிரீட். கணக்கு சுலபம்: 300 சதுர அடிக்கு நான்கு அங்குலம் என்றால் 100 கன அடி, சரியாக ஒரு யூனிட் கான்கிரீட். இதற்கு சிமெண்ட் இருபத்திரண்டு, இருபத்திமூன்று மூட்டை பிடிக்கும். பதினைந்து மூட்டையில் முடித்துவிட்டேன் என்று மேஸ்திரி பெருமையாகச் சொன்னால் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஏழு நாளாவது தண்ணீர் கட்டி வையுங்கள். லேத் வைப்பவர்கள் அது நிற்கும் இடத்தில் மட்டும் தனி மேடை இன்னும் தடிமனாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

சுவருக்குப் பதினாறுக்கு எட்டு அங்குல கான்கிரீட் பிளாக் வாங்கினால் நூறு சதுர அடிச் சுவருக்கு ஏறக்குறைய 110 கல். வீட்டைப் பார்த்த பக்கம் எட்டு அங்குலக் கல், மற்ற மூன்று பக்கமும் ஆறு அங்குலம் போதும். ஷீட்டிலிருந்து வழியும் மழைத்தண்ணீர் பக்கத்து மனையில் விழாதபடி சரிவை உங்கள் பக்கம் திருப்பி, வாரி வைத்து மழைநீர்த் தொட்டியில் விடுங்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம்தான்.

வேலையைத் தையில் தொடங்குவது நல்லது. பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பியிருப்பார்கள், ஐப்பசி மழைக்குள் கூரையும் வெளிப்பூச்சும் முடிந்துவிடும்.

பணம்

இனி முக்கியமான இடம். இயந்திரத்தையும் பட்டறையையும் ஒரு பக்கம் எழுதுங்கள், அறையையும் குளியலறையையும் மறுபக்கம். செப்டிக் டேங்க், போர், காம்பவுண்ட் மாதிரிப் பொதுவானவற்றை அறைப் பக்கம் தள்ளுங்கள். வீட்டுக்கடனின் வட்டி குறைவு, தவணைக்காலம் நீளம்.

அறைப் பக்கத்துக்கு வீட்டு விரிவாக்கக் கடன். பத்திரம், மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அனுமதி வரைபடம், பொறியாளர் மதிப்பீடு எல்லாம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடன் மதிப்பில் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மீதி உங்கள் கைக்காசு. அந்தக் கைக்காசை முதலில் செலவழித்துக் காட்டிய பிறகே வங்கி தன் பணத்தை விடும், அதுவும் மொத்தமாக இல்லை, அஸ்திவாரம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்), கூரை என்று கட்டங்கட்டமாக. அஸ்திவாரம் முழுக்க உங்கள் பையிலிருந்து போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறைப் பக்கத்துக்கு முதலில் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதார் இருந்தால் இணையத்தில் இலவசம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். அப்புறம் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். அங்கே கேட்க வேண்டிய திட்டங்கள் மூன்று.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தை எல்லோரும் பிஎம்இஜிபி என்பார்கள். உற்பத்தித் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 50 லட்சம் வரை போகலாம். கிராமப்புறத்தில் பொதுப்பிரிவுக்கு மானியம் 25 சதவீதம், சிறப்புப் பிரிவுக்கு 35. நகரத்தில் 15, 25. சிறப்புப் பிரிவு என்றதும் நமக்கில்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள் எல்லோரும் அதில்தான். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது, கொட்டகையும் இயந்திரமும் சேரும்.

பட்டறைக்கு 8 லட்சம் என்று வையுங்கள். கிராமம், சிறப்புப் பிரிவு. உங்கள் பங்கு 5 சதவீதம், 40,000. வங்கி கொடுப்பது 7,60,000. மானியம் 2,80,000 உங்கள் கைக்கு வராது. வங்கியில் மூன்று வருடம் வைப்பாகக் கிடந்து, தொழில் நடக்கிறதென்று சரிபார்த்த பிறகு கடனில் கழியும். அந்தத் தொகைக்கு இடைப்பட்ட காலத்தில் வட்டி கிடையாது. பொதுப்பிரிவு என்றால் உங்கள் பங்கு 80,000, வங்கி 7,20,000, மானியம் 2,00,000.

ஒரு விஷயத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: இது புதிய தொழிலுக்கு மட்டும். நல்ல விலைக்கு வருகிறதென்று ரம்பத்தையும் கம்ப்ரசரையும் முதலிலேயே வாங்கிப் போட்டுத் தொழிலைத் தொடங்கிவிட்டால், ஏற்கெனவே நடக்கும் தொழில் என்று விண்ணப்பம் திரும்பிவிடும். விண்ணப்பம், ஒப்புதல், கடன், கொள்முதல் என்று அந்த வரிசையிலேயே போங்கள். விண்ணப்பிக்கும்போது திட்டம் நடப்பில் இருக்கிறதா, விகிதம் மாறியிருக்கிறதா என்பதையும் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையில்லா இளைஞர்களுக்கான மாநிலத்தின் யுஒய்இஜிபி திட்டத்தில் 15 லட்சம் வரையிலான உற்பத்தித் தொழிலுக்கு 25 சதவீத மானியம், உச்சவரம்பு 3.75 லட்சம். கைத்தொழில் தெரிந்த, 35 வயது நிரம்பியவர்களுக்கு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம்: 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம் அதிகபட்சம் 50,000, வட்டியில் 5 சதவீதம் தள்ளுபடி. கட்டடத்துக்கு வங்கிக்கடன் எடுக்க விரும்பாமல் இயந்திரம் மட்டும் வாங்குபவருக்கு என் பார்வையில் இதுவே பொருத்தம், தொகை சின்னது, சுமையும் சின்னது. எதிலும் சேர முடியாதவர்களுக்கு முத்ரா என்ற மத்திய அரசின் சிறுதொழில் கடன் திட்டம் இருக்கிறது. குறு, சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கிளையில் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள், சண்டையாக வேண்டாம், எழுத்தில் கேளுங்கள்.

இப்போது தவணை. அறைக்கு 4 லட்சம், எட்டரை சதவீதம், பத்து வருடம் என்றால் மாதம் ஏறக்குறைய 5,000. பட்டறைக்குப் பொதுப்பிரிவுக் கணக்கில் மானியம் போக நிற்கும் 5.2 லட்சத்துக்கு 11 சதவீதம், ஐந்து வருடம் என்றால் 11,300. இரண்டும் சேர்த்து 16,300. மானியம் கழியும்வரை வங்கி முழுத் தொகைக்கும் தவணை போட்டால் இன்னும் கூடும், ஆகவே அதை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். இந்தத் தொகையை வெளியில் கொடுக்கும் பட்டறை வாடகை, அறையில் வரக்கூடிய வாடகை இரண்டோடும் ஒப்பிடுங்கள். சராசரி மாத வருமானத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மரவேலைக்காரர்களுக்கு ஆடியும் மார்கழியும் என்னவென்று தெரியும். கிரகப்பிரவேசம் இல்லை, ஆர்டர் இல்லை, ஆனால் தவணைத் தேதி வரும். மூன்று மாதத் தவணைப் பணம் தனியாக இல்லாமல் அஸ்திவாரம் தோண்ட வேண்டாம் என்பேன்.

வங்கித் தவணை வரத் தாமதமாகும் இடைவெளிக்கு நகைக்கடன் சரி, கூட்டுறவு வங்கியில் பாருங்கள். சீட்டு என்றால் 1982 சட்டத்தின்கீழ் பதிவான சீட்டா என்று பாருங்கள். ஃபோர்மேன் கமிஷன், அதாவது சீட்டு நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் பங்கு, 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. தெரிந்தவர் பிடிக்கும் சீட்டை நம்பிக் கூரை கான்கிரீட்டுக்குத் தேதி குறிக்காதீர்கள். கந்துவட்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பில்களை இரண்டு கோப்பில் வையுங்கள். தொழில்கடன் வட்டியும் பட்டறைக் கட்டடத்தின் தேய்மானமும் தொழில் செலவில் கழியும். அறையின் வட்டிக்கு வருமானவரியில் வேறு வழி, புதிய வரிமுறையில் சொந்தக் குடியிருப்புக்கு அதுவும் கிடையாது. சிமெண்ட் கடையில் ஒரே பில்லாகப் போட்டுவிட்டால் ஆடிட்டர் உங்களைத்தான் திட்டுவார்.

மேஸ்திரியோடு பேசுவது

லேபர் கான்ட்ராக்டா, சாமானோடு சேர்த்தா? தினமும் நின்று பார்க்க வீட்டில் ஆள் இருந்தால் லேபர் மட்டும் கொடுங்கள், மிச்சமாகும். வீட்டுக்குப் பின்னால்தானே வேலை, பெரும்பாலும் ஆள் இருப்பார்கள். ட்ரஸ் வேலையை மேஸ்திரி வழியாகக் கொடுக்காமல் வெல்டிங் ஆளிடம் நேராக எடையில் பேசுங்கள், எடைச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சதுர அடியை எப்படி அளப்பது என்று முத்திரைத்தாளில் எழுதுங்கள். சுவரின் வெளிமுகத்திலிருந்து அளப்பதா, சன்ஷேடு சேருமா, செப்டிக் டேங்க் தனியா? தகராறுகள் பெரும்பாலும் இந்த மூன்றிலிருந்துதான் கிளம்பும். பணத்தையும் கட்டம் பிரித்து எழுதிவிடுங்கள்: முன்பணம் 10 சதவீதம், பேஸ்மட்டம் முடிந்ததும் 20, லிண்டலில் 20, கூரையில் 25, பூச்சில் 15, கடைசி 10 சாவி கொடுத்து ஒரு மழை பார்த்த பிறகு. வங்கி பணம் விடும் கட்டங்களோடு இவை பொருந்துகின்றனவா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூரை போட்ட பிறகு வங்கி விடும், கூரைக்கு முன்னால் மேஸ்திரி கேட்பார் என்றால் நடுவில் உள்ள இரண்டு வாரத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்?

முடிந்த பிறகு

மின் இணைப்புக்குக் கட்டட நிறைவுச் சான்று வேண்டுமா, விலக்கு இருக்கிறதா என்று பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். சின்ன வீடுகளுக்கு உள்ள விலக்கைப் பட்டறைக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சொத்துவரியில் பட்டறையின் பரப்பு மட்டும் குடியிருப்பல்லாத வீதத்தில் வரும், அறை வீட்டு வீதத்தில். பிரித்துக் காட்டாவிட்டால் மொத்தமும் கூடுதல் வீதத்தில் போய்விடக்கூடும். புதிய குறு உற்பத்தி நிறுவனம் என்ற முறையில் மின்கட்டணத்தில் முதல் 36 மாதத்துக்கு 20 சதவீத மானியம் மாநில அரசு தருகிறது, மாவட்டத் தொழில் மையத்தில் அதற்கும் விண்ணப்பம் போடுங்கள். தானாக வராது.

காப்பீடும் இரண்டாக எடுக்க வேண்டும். வீட்டுக்கு எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் பாரத் கிருஹ ரக்ஷா என்று ஒரே மாதிரியான பாலிசி கிடைக்கும், அறை அதில் சேரும். பட்டறைக்கும் இயந்திரத்துக்கும் மரச்சரக்குக்கும் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. வீட்டுப் பாலிசி விண்ணப்பத்தில் பின்னால் மரவேலைப் பட்டறை இருக்கிறது என்பதையும் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால், தீ பட்டறையில் தொடங்கி அறைக்குப் பரவியது என்று தெரிந்ததும் அங்கேயே இழப்பீடு சிக்கலாகும்.